வட்டையும் வாவியும்
நிலைபேற்று நியமங்கள் பற்றி ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை எனவும், மேற்கரையைப் படுவான்கரை எனவும் வழங்குதல் இந்நாட்டார் மரபு. ஞாயிறு எழும் கரையிலே கடலும் தென்னையும் நெசவும் வாணிகமும் சிறந்தன. படும் கரையிலே வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் சிறந்தன. இருகரை மக்களின் வாழ்வையும் தோணியும் துறையும் ஒருகாலத்தில் இணைத்தன; இன்று பாலங்கள் இணைக்கின்றன. எனினும், தோணியும் பாலமும் வேண்டாது இருகரையையும் என்றும் இணைத்து நிற்பது ஒன்றுண்டு. அது வயலினின்று வடியும் நீராகும். உன்னிச்சை, நவகிரி முதலாய குளங்களின் நீர் வயல்களிற் பாய்ந்து, வயலிலிட்டவற்றிற் பயிர் கொள்ளாது விட்டதையெல்லாம் சுமந்துகொண்டு, ஈற்றில் வாவியையே சேர்கின்றது. படுவானில் உழவன் செய்வதன் பயனை எழுவானில் மீனவன் துய்க்கின்றான். தீதாயின் அத்தீதையும் அவனே சுமக்கின்றான்.

கமத்தொழிலின் விளைபொருளை வாங்குவோன், அது எவ்வாறு விளைந்தது என்றும் வினவத் தொடங்கியமை அண்மைக்காலத்துச் செய்தியாகும். அவ்வினாவுக்கு விடையாக எழுந்தவையே நிலைபேற்று நியமங்கள். அவை யாவை, வளர்முக நாடுகளின் வழங்கற் சங்கிலிகளில் அவை எவ்வாறு இயங்குகின்றன, எமது வாவி நாட்டிற்கு அவை பொருந்துமா என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியமம் என்பது யாது?

பொருளின் தரத்தைக் கூறும் நியமம் பழையது. நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது அத்தகையது. பொருளைச் சோதித்து அதனை அறியலாம். நிலைபேற்று நியமமோ பொருளைச் சோதித்து அறியத்தக்கதன்று. மண் அழியாது விளைந்ததா, நீர் மாசுறாது விளைந்ததா, கூலியாளுக்கு உரிய கூலியும் காப்பும் கிடைத்தனவா என்பவற்றை நெல்மணியைப் பிளந்து பார்த்தாலும் காணமுடியாது. ஆகவே விளைவித்தவன் குறிப்பேடு வைத்தல் வேண்டும். பிறனொருவன் வந்து அதனைச் சரிபார்த்தல் வேண்டும். அதன்மேற் சான்றிதழ் வழங்கப்படல் வேண்டும். விதி, பதிவு, சரிபார்ப்பு, சான்று ஆகிய நான்குமே இத்தகைய நியமத்தின் உறுப்புக்கள்.

இவற்றுட் பல அரசுகள் இயற்றிய சட்டங்களல்ல என்பது கருதத்தக்கது. 1997ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சில்லறை வணிகர் ஒன்றுகூடி வகுத்த நற்கமச் செயன்முறை விதிகளே 2007இல் ‘குளோபல் காப்’ எனப் பெயர் மாற்றம் பெற்று உலகெங்கும் பரவின. கடல்மீனுக்கான சான்றளிக்கும் மன்றமும் அதே 1997இல், யுனிலீவர் நிறுவனமும் உலக வனசீவராசிகள் நிதியமும் கூடியதால் உருவாயிற்று. தேயிலை, கோப்பி, கொக்கோ ஆகியவற்றுக்குச் சான்றளித்துவந்த மழைக்காட்டுக் கூட்டணியும் ‘உட்ஸ்’ என்னும் அமைப்பும் 2018இல் ஒன்றாயின. உலகமக்களுட் பாதிப்பேர் உண்ணும் நெல்லுக்கோ இத்தகைய நியமம் காலந்தாழ்த்தே வந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையமும் 2011இல் நிறுவிய நிலைபேற்று நெல் மேடை, 2015இலேயே தனது முதல் நியமத்தை வெளியிட்டது. தேயிலையும் கோப்பியும் கடல்கடந்து செல்பவை. நெல்லோ பெரும்பாலும் விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுவது. கேட்கும் வாங்குவோன் இல்லாத இடத்தில் நியமம் பிறத்தல் அரிதென்பது இதனாற் புலனாகும்.

நியமத்தின் சுமை யார் தலையில்?

வழங்கற் சங்கிலியில் அதிகாரம் மேலிருந்து கீழாகப் பாய்கின்றது. செலவோ கீழேயே தங்கிவிடுகின்றது. ஐரோப்பியக் கடைக்காரன் ஏற்றுமதியாளனிடம் சான்று கேட்கின்றான்; ஏற்றுமதியாளன் கமக்காரனிடம் கேட்கின்றான்; கமக்காரனுக்குக் கீழே கேட்பதற்கு எவருமில்லை. கிருமிநாசினிக் களஞ்சியம் கட்டுவதும், கைகழுவ நீர்வசதி செய்வதும், குறிப்பேடு எழுதுவதும், சரிபார்ப்போனுக்குக் கட்டணம் செலுத்துவதும் அவன் பொறுப்பாகின்றன. நூறு ஏக்கர் உடையவனுக்கு இச்செலவு ஒரு பொருட்டன்று. இரண்டு ஏக்கர் உடையவனுக்கு அது விளைச்சலின் ஊதியத்தையே விழுங்கிவிடும். கென்யா நாட்டில் ஐரோப்பாவுக்கெனப் பச்சைப் போஞ்சி பயிரிட்ட சிறுகமக்காரர் பலர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்படி விதிகள் வலுப்பெற்றபோது ஏற்றுமதிச் சங்கிலியினின்று விலக நேர்ந்தமை ஆய்வாளர் பலராற் சுட்டப்பட்டுள்ளது. தனித்து நின்றவர் விலகினர். குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றின்கீழ் நின்றவரும், ஏற்றுமதியாளரின் துணை பெற்றவரும் நிலைத்தனர். இவ்வேறுபாட்டினை உளத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

இலங்கை கற்ற பாடங்கள்

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே இப்பொருள் பற்றிய மூன்று பாடங்கள் உள.

முதலாவது, கடல்மீன் பற்றியது. ஆழ்கடலிற் செல்லும் இலங்கைக் கலங்கள் முறையான கண்காணிப்பின்றி இயங்குகின்றன எனக் கூறி, 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எச்சரித்தது. எச்சரிக்கை உரியவாறு பேணப்படாமையால், 2015 சனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டது. அதன்பின் கலங்களுக்குச் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன; பிடிப்புப் பதிவேடுகள் ஒழுங்கு செய்யப்பட்டன; தண்டங்கள் கடுமையாக்கப்பட்டன. 2016 யூனில் தடை நீங்கிற்று. வாங்குவோனின் கதவு மூடப்பட்டபோது விரைந்து நிகழ்ந்தது, வெறும் அறிவுரையால் நிகழ்ந்திலது என்பது இதன் பொருள்.

இரண்டாவது, தேயிலை பற்றியது. 2015இல் கிளைபோசேற்று என்னும் களைநாசினி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. மாற்று வழி காட்டப்படாமையாற் சில தோட்டங்கள் வேறு களைநாசினியை நாடின. அதன் எச்சம் தேயிலையிற் காணப்பட்டதால் யப்பானியச் சந்தையில் இடர் விளைந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. ஒன்றை விலக்குமுன் அதன் இடத்தை எது நிரப்பும் என எண்ணாமையின் பயன் இது.

மூன்றாவது, யாவற்றினும் பெரியது. எமது வட்டைகளையும் நேரே தாக்கியது. 2019ஆம் ஆண்டுத் தேர்தற் கொள்கைப் பிரகடனத்தில், பத்தாண்டு காலத்துள் நாட்டினைச் சேதனக் கமத்துக்கு மாற்றுவதாக உறுதி கூறப்பட்டிருந்தது. ஆயின் 2021 மே 6ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி உடனே தடைசெய்யப்பட்டது. பத்தாண்டு ஒரு நாளாகச் சுருங்கிற்று. அவ்வாண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெரும்போக விதைப்பை மேற்கொண்ட கமக்காரர் கையில் யூரியா இல்லை. அதற்கு ஈடான சேதனப் பசளையும் இல்லை. நவம்பர் இறுதியிலே தடை நீக்கப்பட்டது. ஆயின் அதற்குள் விதைப்பு முடிந்திருந்தது. அடியுரத்தின் பருவமும் கடந்திருந்தது.

கணக்கை எளிமையாக நோக்குவோம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 40 கிலோ நைதரசன் வேண்டும் எனக் கொள்வோம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே 87 கிலோ யூரியா அதற்குப் போதும். அஃதாவது இரண்டு மூடையினும் குறைவு. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவாயின், அதே 40 கிலோவுக்கு 4,000 கிலோ எரு வேண்டும். இரண்டு மூடையைத் துவிச்சக்கரவண்டியிலும் கொண்டுசெல்லலாம். நான்கு தொன்னுக்கு உழவு இயந்திரப் பெட்டி பல நடை ஓடவேண்டும். அத்துணை எருவைத் தரக்கூடிய மாட்டுப்பட்டிகளும் தழைகளும் ஓராண்டில் உண்டாகுபவையல்ல. நாடு முழுவதும் 2020–21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னளவாயிருந்த நெல் விளைச்சல், 2021–22 பெரும்போகத்தில் 20 இலட்சத்துக்குங் கீழே சென்றது. தன்னிறைவை அணுகிநின்ற நாடு மீண்டும் அரிசிக் கப்பலை எதிர்பார்க்க நேர்ந்தது.

இப்பேரிடரின் தீய விளைவு விளைச்சற் குறைவுடன் நின்றிலது. “மண்ணைக் காத்தல் வேண்டும், நீரைக் காத்தல் வேண்டும்” என இனி எவர் கூறினும், கமக்காரர் ஐயத்துடன் நோக்கும் நிலை உண்டாயிற்று. நல்லதொரு கருத்து தவறான முறையிலே திணிக்கப்படும்போது, அக்கருத்தே பழிக்கு ஆளாகின்றது. ஆயினும், தடை தவறாயிற்று என்பதனால் அதற்கு முன்னிருந்த நிலை சரியாகிவிடாது. நெல்லுக்கான உரமானியம் 1962 தொடக்கம் பல வடிவங்களில் நடைபெற்றுவந்தது. 2005ஐ அடுத்து 50 கிலோ மூடையொன்று 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைப்பது மிகையாகவே இடப்படும் என்பது இயல்பு. நீர் நிற்கும் வயலில் இட்ட நைதரசனில் பயிர் கொள்வது பெரும்பாலும் பாதிக்குங் குறைவே. எஞ்சியதில் ஒரு பகுதி ஆவியாகி வளியிற் கலக்கும்; ஒரு பகுதி வடிநீருடன் செல்லும். எமது நாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையிலே பொழிவது. உரமிடும் பருவமும் அதுவே. உரமிட்ட மறுநாள் பெருமழை பெய்யின், உழவனின் காசு வாய்க்கால்வழியே வாவிக்குப் போகின்றது. அங்கே அது ஆற்றுவாழைக்கும் பாசிக்கும் உணவாகின்றது. அவை அழுகும்போது நீரின் ஒட்சிசன் குன்றுகின்றது. மீன்குஞ்சுகள் மூச்சின்றி மாள்கின்றன.

இறாற்பண்ணை கூறும் செய்தி

வாவிக்கரை மக்களுக்கு ஏற்றுமதிச் சங்கிலி புதிதன்று. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, வெளிநாட்டுச் சந்தையை நோக்கிய இறாற்பண்ணைகள் இவ்வாவிக்கரையில் அமைக்கப்பட்டன. உள்நாட்டுப் போர் அவற்றை வளரவிடவில்லை. 1987 சனவரியிற் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலையில், மகிழடித்தீவு இறாற்பண்ணையிற் கூலிவேலை செய்த ஏழை மக்கள் பலர் உயிரிழந்தமை இம்மண்ணின் ஆறாத வடு. மனிதர்க்குக் காப்பில்லாத இடத்தில் எந்நியமமும் பொருளற்றது என்பதை அந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டும்.

இறால் வளர்ப்பு வடமேற்கே புத்தளம், சிலாபம் பகுதிகளிற் பெருகிற்று. அங்கே வேறொரு பாடம் விளைந்தது. பண்ணைகள் கண்டற்காடுகளையும் உவர்நிலங்களையும் விழுங்கி, ஒன்றையொன்று நெருக்கி எழுந்தன. ஒல்லாந்தர் கால்வாயினின்றே நீரை எடுத்தன. கழிவையும் அதே கால்வாயிலேயே விட்டன. ஒருவன் கழித்தது மற்றவனுக்கு ஊற்றாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, தூய்மையாகப் பேணிய பண்ணையும் பேணாத பண்ணையும் ஒருங்கே அழிந்தன. கைவிடப்பட்ட குளங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வெறும் உப்புத்தரையாய்க் கிடந்தன.

அதன்பின் எடுக்கப்பட்ட நடவடிக்கை கருதத்தக்கது. தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் கூடி, நீர்நிலையை வலயங்களாகப் பிரித்து, எவ்வலயத்தில் எத்திங்களிற் குஞ்சு விடுவது என்னும் பயிர்நாட்காட்டி ஒன்றினை வகுத்தன. குஞ்சுகள் நோயற்றவையா எனச் சோதித்தபின்னரே விடப்படல் வேண்டும் என்பது விதியாயிற்று. இங்கே நியமத்தின் அலகு தனிப்பண்ணையன்று, பொதுநீரே அலகாகும். ஒரே நீரைப் பகிர்வோர் ஒரே விதிக்கு உட்படுதல் வேண்டும் என்னும் உண்மையை, நோயும் நட்டமும் ஆசிரியர்களாய் நின்று கற்பித்தன.

வட்டை என்னும் மரபு

இவ்வுண்மையை மட்டக்களப்பார் புத்தளத்தினின்று கற்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் நீர்பெறும் வயல்களின் தொகுதியை வட்டை என்று வழங்கி, அதற்கு வட்டவிதானை ஒருவரை நியமித்து, இன்ன நாளில் வேலி அடைத்தல், இன்ன நாளில் மாடு அகற்றல், இன்ன நாளில் விதைத்தல், இன்ன நாளில் நீர் மறித்தல் எனக் கூட்டத்திலே தீர்மானித்து, மீறியவனுக்குத் தண்டம் விதித்து வந்த நாடு இது. இத்தகைய வழமைகளுக்கு 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஆட்சியாளரின் ஏற்பினைத் தந்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்களுக்கு இடமளித்தது. பெயர்கள் மாறின, பயிர்ச்செய்கைக் கூட்டம் என்னும் வழக்கம் மாறவில்லை. விதி, பதிவு, சரிபார்ப்பு என மேலே கூறிய உறுப்புக்களுள், விதியும் சரிபார்ப்பும் எம்மவரிடம் முன்னரே இருந்தவை. இல்லாதன பதிவும் சான்றுமே.

அயலிலுள்ள கல்லோயாத் திட்டத்தின் அனுபவமும் இதற்குத் துணைநிற்கும். 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், அதன் இடதுகரையிற் கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்கக் கோர்ணெல் பல்கலைக்கழகமும் கூடிக் கமக்காரர் குழுக்களை அமைத்தன. தலைமடையிலிருந்தோர் மிகையாக எடுத்துவந்த நீரைக் குறைத்து, கடைமடைக்கு விட இசைந்தனர். புதிய அணை கட்டப்படவில்லை. இளைஞர் சிலர் வயல்வயலாகச் சென்று மக்களைக் கூட்டிப் பேசவைத்தனர். நீர்ப்பங்கீடு வியக்கத்தக்கவாறு சீரடைந்தது. பொதுநலத்துக்கான கட்டுப்பாட்டை மக்கள் தாமே வகுத்துக்கொள்ளின், அதனைத் தாமே காப்பர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாவிக்கேற்ற நியமம்

இவ்வடிப்படையில், படுவான்கரை வட்டை ஒன்று ஏற்கத்தக்க விதிகள் எவையெனக் காண்போம். அவை மிகச் சிலவாயும் எளியனவாயும் இருத்தல் வேண்டும்.

ஒன்று: யூரியாவை ஒரேமுறையிற் கொட்டாது, பயிரின் பருவமறிந்து பிரித்திடல். இலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டை மலிவானது. எழுதப்படிக்க அறியாதாரும் அதனைப் பயன்படுத்தலாம். இரண்டு: உரமும் களைநாசினியும் இட்டபின் சில நாட்களுக்கு வக்கடையை அடைத்து, நீரை வயலிலேயே நிறுத்தல், பெருமழை வரும் எனத் தெரியின் உரமிடலைப் பின்போடல். மூன்று: வைக்கோலை எரியாது வயலிற்கே மீட்டல். நான்கு: நாசினிப் போத்தல்களை வாய்க்காலில் எறியாது கமநல சேவை நிலையத்தில் ஒப்படைத்தல். ஐந்து: சிறுபோகத்தில், நீரை இடைவிட்டுப் பாய்ச்சிக் காயவிட்டு மீளப் பாய்ச்சல். இதனால் நீர் மிஞ்சுவதோடு, நெல்வயலில் உண்டாகும் மெதேன் வாயுவும் பெரிதும் குறையும். மாரி வெள்ளத்தின் நடுவே பெரும்போகத்தில் இவ்வைந்தாவது விதியை வற்புறுத்தல் பேதைமை. பிறநாட்டு நியமத்தை எழுத்துக்கெழுத்து ஏற்றலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

குறிப்பேடு வட்டைக்கு ஒன்றாயிருத்தல் சாலும். அது தமிழில் இருத்தல் வேண்டும். உலகளாவிய சான்றளிப்பு முறைகளும், உள்ளகச் சரிபார்ப்பு உடைய கமக்காரர் குழுவுக்கு ஒரே சான்று வழங்க இடமளிக்கின்றன. கென்யாவிலே நிலைத்தவர் இவ்வழியிற் சென்றவர்களே என்பதை ஈண்டு நினைவுகூர்க.

இனி, எழக்கூடிய தடைகளை மறைத்தல் நேர்மையன்று. எமது நெல்லுக்கு ஐரோப்பியக் கடைக்காரன் இல்லை. அதனை வாங்குவோர் ஆலைக்காரரும் இடைத்தரகரும் நெல் சந்தைப்படுத்தும் சபையுமே. வேளாண்மை வெட்டு முடிந்த அன்றே கடன்காரன் வாடிக்கு வருகின்றான். 14 வீத ஈரப்பதனுக்கு உலர்த்தக் களமின்றி, தெருவிலே நெல்லைப் பரப்பியும், பச்சை நெல்லை வந்த விலைக்கு விற்றும் வாழும் கமக்காரனிடம், வாவியின் ஒட்சிசனைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்? பழைய நியமத்தையே அவன் எட்ட முடியாதிருக்கப் புதிய நியமத்தை எட்டுவான் என எதிர்பார்த்தல் தகுமா? தகாது. ஆகையால் உலர்த்துகளமும் களஞ்சியமும் குறைந்த வட்டிக் கடனும் நியமத்தின் முன்னுறுப்புக்களாக வருதல் வேண்டும். குத்தகைக்குச் செய்பவனின் நிலையும் எண்ணத்தக்கது. அடுத்த போகத்தில் இவ்வயல் தன்னிடம் இருக்குமோ என அறியாதவன், மண்ணை வளம்படுத்தச் செலவிடான். நிலத்துக்குரிய போடியாரும் அச்செலவிற் பங்கேற்றல் வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, முதலில் அரசே வாங்குவோனாக முன்வரலாம். மருத்துவமனைகளுக்கும் பாடசாலை மதிய உணவுக்கும் வேண்டும் அரிசியின் ஒரு பகுதியை, சான்றுபெற்ற வட்டைகளினின்று சிறிது கூடிய விலைக்குக் கொள்வதாயின், கேட்கும் வாங்குவோன் இல்லை என்னும் குறை நீங்கும். அன்றியும், யூரியாவைப் பருவமறிந்து இடுபவனுக்கு வேறொருவர் கைம்மாறு தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாய்க்காலிற் போகாது நின்ற உரமே அவனுக்கு முதற் பரிசாகும். கூடிய விலையை நம்பிய நியமம் சந்தை சரியும்போது சரியும். செலவுக் குறைவை நம்பிய நியமம் நிலைக்கும்.

முடிவுரை

கோடையிலே பாலமீன்மட்டு முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைக்கின்றது. மாரியில் வெள்ளம் பெருகி வயல்கள் அமிழும்போது, முகத்துவாரத்தை வெட்டுக என உழவர் வேண்டுகின்றனர். காலமல்லாக் காலத்தில் வெட்டின், வாவிநீர் ஒரேயடியாக வடிந்து தம் தொழில் கெடும் என மீனவர் அஞ்சுகின்றனர். கடலிலே முட்டையிடும் இறாலின் குஞ்சு அவ்வாயில் வழியாகவே வாவிக்குள் வந்து வளர்கின்றது. ஒரு வாயிலை எப்போது திறப்பது என்பதில் இருகரையும் கூடிப் பேசியே தீரவேண்டிய நிலையை இயற்கையே உண்டாக்கியுள்ளது. இக்கூட்டத்தில் வெள்ளநீரின் அளவைப் பற்றி மட்டுமன்றி, அந்நீர் சுமந்துவரும் பொருள்களைப் பற்றியும் பேசத் தொடங்குவதே நாம் வேண்டும் மாற்றத்தின் முதற்படியாகும்.

நிலைபேற்று நியமம் மேனாட்டார் எம்மேற் சுமத்தும் புதுச்சுமை என எண்ணுவோரும் உளர். அதுவே எல்லா நோய்க்கும் மருந்து என எண்ணுவோரும் உளர். இரண்டும் மிகை. அறிவிப்பு ஒன்றினால் ஒருநாளிற் சுமத்தப்பட்டபோது அது பஞ்சத்துக்கு வழிகோலியதைக் கண்டோம். பொதுநீரைப் பகிர்வோர் கூடி வகுத்தபோது அது வாழ்வுக்கு வழிகோலியதையும் கண்டோம். எமது பாட்டன்மார் வேலிக்கும் மாட்டுக்கும் நீருக்கும் வட்டையிலே கூடி விதி செய்தனர். அவ்விதியின் வேலியை வயலின் வரம்போடு நிறுத்தாது, வாவியின் கரைவரை நீட்டுதலே எமது தலைமுறைக்கு எஞ்சிய பணியாகும்.